அரை, ஒன்றரை, இரண்டரை: ஒரு மான் தாடைத் தொகுப்பின் மதிப்புரை

வெண்வால் மானின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லப் பழகுவோருக்கென்று விற்கப்படும் கீழ்த்தாடை மாதிரித் தொகுப்பு ஒன்றை எங்கள் வேட்டைக் குழு சென்ற பருவத்தின் தொடக்கத்தில் வாங்கியது. ரெசினில் வார்த்த ஆறு தாடைகளை ஒரு மரப்பலகையில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் அரை, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை, நான்கரை, ஐந்தரைக்கு மேல் என்று வயதைப் பொறித்திருக்கிறார்கள். கூடவே ஒரு சிறு கையேடும், உயிரோடு நிற்கும் மானைத் தூரத்திலிருந்து எடைபோட உதவும் படங்கள் கொண்ட அட்டை ஒன்றும் வருகின்றன. விலை 100 டாலருக்குச் சற்று அதிகம். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசி வாரம் வரை, கொண்டுவரப்பட்ட மான் ஒவ்வொன்றின் தாடையையும் இந்தப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். குட்டியையும் ஓராண்டு கடந்த மானையும் பிரித்தறியக் கற்பதற்கு இது நல்ல கருவி. ஆனால், எந்த ஒரு பல்லை நம்பி அந்தப் பிரிவினை நிற்கிறதோ அந்தப் பல்லில்தான் வார்ப்புக்காரர்கள் அலட்சியமாக இருந்திருக்கிறார்கள்.

வயதை அரை அரையாகச் சொல்வது ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். வட அமெரிக்காவின் வடபகுதிகளில் வெண்வால் மான் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் ஈனுகிறது. வேட்டைப் பருவமோ இலையுதிர் காலத்தில் வருகிறது. ஆகவே நவம்பரில் நம் கைக்கு வரும் மான் எதுவும் முழு வயதில் இருப்பதில்லை. அந்த ஆண்டில் பிறந்தது அரை வயது, சென்ற ஆண்டு பிறந்தது ஒன்றரை, அதற்கும் முந்தையது இரண்டரை. நம் பேச்சிலும் 'ரெண்டு நடக்குது' என்பதற்கும் 'ரெண்டு முடிஞ்சது' என்பதற்கும் ஓர் ஆண்டு வித்தியாசம் உண்டல்லவா. அந்தக் குழப்பத்துக்கே இடம் தராத கணக்கு இது. ஒன்றரை வயது என்று சொல்லிவிட்டால் நடக்கிற வயதா முடிந்த வயதா என்று யாரும் திருப்பிக் கேட்க முடியாது. தொகுப்பைச் செய்தவர்கள் பலகையில் இந்தக் கணக்கையே வைத்திருப்பது சரியான முடிவு.

கையேட்டைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. அதில் பெயர்களுக்கென்று ஓர் இயல் இருக்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் புழங்கும் சொற்களோடு அது நின்றிருக்கலாம். பிறந்த ஆண்டில் இருக்கும் குட்டி 'ஃபான்'. அதில் ஆணாக இருந்து, கொம்பு முளைக்கும் இடம் நெற்றித் தோலுக்கடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் புடைத்திருந்தால் 'பட்டன் பக்'. அடுத்த ஆண்டுக்குள் நுழைந்தது 'யேர்லிங்'. யேர்லிங் ஆணின் முதல் கொம்பு கிளைக்காமல் முள்ளைப் போல நின்றால் 'ஸ்பைக்', கவட்டை போல இரண்டாகப் பிரிந்தால் 'ஃபோர்க்ஹார்ன்'. கடைசி இரண்டும் கொம்பின் வடிவத்தைச் சொல்பவையே தவிர வயதைச் சொல்பவை அல்ல என்பதைக் கையேடு ஒரு வரியில்கூட எச்சரிக்கவில்லை. தீனி செழிப்பாக உள்ள இடத்தில் ஒன்றரை வயது ஆணே எட்டு முனையோடு வரும். வறண்ட மேய்ச்சலில் வளர்ந்ததும், கோடையின் பிற்பகுதியில் தாமதமாகப் பிறந்ததும் அதே வயதில் விரல் நீளக் கொம்போடு நிற்கும். கொம்பின் முனைகளை எண்ணி வயதைச் சொல்கிற பழக்கம் இன்னும் பல வேட்டைக் கூடாரங்களில் ஒழியவில்லை. அதை ஒழிக்க வேண்டிய கையேடே அதற்குத் துணைபோவது வருத்தம் தருகிறது.

அதற்குப் பதிலாக, பழைய ஐரோப்பிய வேட்டைச் சொற்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். படிக்கச் சுவையான பகுதிதான். நானே இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்தின் பழைய வேட்டை மரபில் ஆண் சிவப்பு மானுக்கு ஆண்டுக்கொரு பெயர் உண்டு: முதலாண்டில் காஃப், இரண்டாம் ஆண்டில் பிராக்கெட், மூன்றில் ஸ்பேயட், நான்கில் ஸ்டாகர்ட், ஐந்தில் ஸ்டாக், ஆறாம் ஆண்டு வந்தால்தான் ஹார்ட். ஃபாலோ என்ற மற்றொரு மான் இனத்துக்கு ஃபான், பிரிக்கெட், சோரல், சோர் என்று வேறொரு வரிசை. பிரிக்கெட் என்பது முள்ளாக நிற்கும் முதல் கொம்பால் வந்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டாம் ஆண்டு ஆணைக் குத்துவாளின் பெயரால் 'டகே' என்கிறார்கள். ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இன்னும் ஈனாத இரண்டாம் ஆண்டுப் பெண் சிவப்பு மானை, அதன் ஒடிசலான உடலைக் கொண்டு, 'ஷ்மால்டீர்' என்கிறார்கள். இந்தச் சொற்கள் எல்லாம் நடக்கிற ஆண்டை எண்ணுபவை. பலகையோ முடிந்த ஆண்டை அரையோடு எண்ணுகிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, 'பிராக்கெட்' என்பதற்கு எதிரே '2' என்று அச்சிட்டுவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர் ஒன்றரை வயதுத் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டரை என்று வாதாடினார். அட்டவணைப்படி பார்த்தால் அவர் மீது குற்றமில்லை. போதாக்குறைக்கு, பிராக்கெட் என்பது இன்று தென் அமெரிக்காவின் சிறு மான் இனங்களுக்கான பெயராகவும் வழங்குகிறது என்பதால், தேடிப் படிக்கப் போகிறவர் வேறொரு கண்டத்தில் போய் நிற்பார். மான் குட்டிக்குத் தமிழில் 'மறி' என்று தொல்காப்பியத்தின் மரபியல் பெயர் சொல்கிறது. நமக்கு அந்த ஒரு சொல்லாவது இருக்கிறது. ஆனால் ஒன்றரை வயதுக்கென்று தனிப்பெயர் எதுவும் எனக்குத் தெரிந்து புழக்கத்தில் இல்லாததால் எங்களுக்குள் 'ஒன்றரை' என்றே பேசிக்கொள்கிறோம். அதில் ஒரு குறையும் நேரவில்லை.

இனி தாடைகளுக்கு வருகிறேன். பணம் கொடுத்தது இவற்றுக்குத்தான்.

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் முன்பற்களைத்தான் பார்ப்பார்கள். மானில் அந்த வழக்கம் உதவாது. ஓராண்டு ஆவதற்குள்ளாகவே முன்பற்கள் ஏறக்குறைய எல்லாம் விழுந்து முளைத்துவிடுவதால், ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் அங்கே வேறுபாடு தெரியாது. பார்க்க வேண்டியது கன்னத்துக்குள் இருக்கும் பற்கள். முதிர்ந்த மானின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஆறு: முன்னே மூன்று முன்கடைவாய்ப் பற்கள், பின்னே மூன்று கடைவாய்ப் பற்கள். அரை வயதுக் குட்டிக்கு இந்த ஆறும் இராது. மூன்று பால் பற்களும் முதல் கடைவாய்ப் பல்லும் ஆக நான்கு முழுதாக நிற்கும். ஐந்தாவது ஈறைக் கிழித்துக்கொண்டு பாதி எழுந்திருக்கும். ஒன்றரை வயதில் ஆறாவதும் தலைகாட்டிவிடுகிறது. எண்ணிக்கை ஆறு என்றால், முன்னிருந்து மூன்றாவது பல்லைப் பார்க்க வேண்டும். அதில் மூன்று முகடுகள் இருந்தால் அது பால் பல், மான் ஒன்றரை வயது. இரண்டே முகடுகள் என்றால் பால் பல் விழுந்து நிலைப்பல் வந்துவிட்டது; பொதுவாக மான் இரண்டரை அல்லது அதற்கு மேல். இந்த வரிசையையும், அதன் பிறகு வரும் தேய்மானத்தையும் முறைப்படுத்தி 1949இல் வெளியிட்டவர் நியூயார்க் மாநிலத்தின் வனவிலங்கு ஆய்வாளர் செவரிங்ஹவுஸ். இன்று விற்பனையில் உள்ள தாடைப் பலகைகள் எல்லாம் பெரும்பாலும் அவர் வகுத்த படிகளைத்தான் பின்பற்றுகின்றன.

அரை வயதுத் தாடையின் வார்ப்பு மிக நன்றாக இருக்கிறது. நவம்பர் நடுவில் ஒரு மாலை, குழுவுக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் பெண்மான் என்று நினைத்துச் சுட்ட மானைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். தனியாக வயலோரம் நின்றதாம், பெரிதாகத் தெரிந்ததாம். விளக்கடியில் போட்டதும் முகம் குட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. காதுகளுக்கு நடுவே அவருடைய பெருவிரலை வைத்துத் தடவச் சொன்னேன். தோலுக்கடியில் இரண்டு புடைப்புகள். அவர் கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு வாயைத் திறந்து, கன்னத்தை ஓரமாக ஒதுக்கி, டார்ச் ஒளியில் எண்ணினோம்: நான்கு பற்கள், அதன் பின்னே ஈறுக்குள் பாதி புதைந்த ஐந்தாவது. பலகையின் முதல் தாடையை அருகில் பிடித்தபோது, ஈறின் விளிம்பு எங்கே நிற்கிறது என்பது வரை இரண்டும் ஒத்துப்போயின. நூறு பக்கம் படித்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குப் புரிந்தது புரிந்திருக்காது. சட்டப்படி அவர் தவறு எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநில விதிப்படி, எடுத்துக்காட்டாக, இரு கொம்புகளும் 3 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆண்மான் கொம்பில்லாத மானாகவே கணக்கிடப்படுகிறது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் கொம்போடு வளரவேண்டிய ஆணைப் பெண்மான் அனுமதிச் சீட்டில் கழிப்பது எந்த வேட்டைக் குழுவும் விரும்பாத ஒன்று. நானும் என் மூன்றாம் பருவத்தில் இதே பிழையைச் செய்தவன்தான், அதனால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை.

ஒன்றரை வயதுத் தாடையில் குறைகள் மூன்று. முதலாவது, மூன்றாம் பல்லின் முகடுகளுக்கு இடையேயான பள்ளங்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. உண்மையான பால் பல்லின் வெளிப்பக்கத்தில் நகத்தை முன்னிருந்து பின்னாக இழுத்தால், அது இரண்டு இடங்களில் தட்டும். இரண்டு பள்ளம், ஆகவே மூன்று முகடு. வெளிச்சம் குறைந்த கொட்டகையில், விரல் விறைக்கும் குளிரில், கண்ணைவிட நகம்தான் நம்பகமானது. இந்த வார்ப்பிலோ நகம் ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பால் பல் அந்த வயதில் தேய்ந்து போயிருக்கும் என்பது உண்மை. தேய்வது பல்லின் மேற்பரப்பு. பக்கவாட்டுப் பள்ளம் அப்படியே இருக்கும். அச்சு எடுத்தபோது நுணுக்கம் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஒன்றரை வயதுக்கென்று ஒரே ஒரு தாடைதான் இருக்கிறது, அதுவும் பால் பற்கள் இன்னும் விழாத நிலையில். பருவம் தொடங்கும் அக்டோபரில் இது பொருந்துகிறது. ஆனால் ஏறத்தாழ 18, 19 மாதத்தில் பால் பற்கள் விழுந்து, இரண்டு முகடுள்ள நிலைப்பல் கீழிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. ஜூனில் பிறந்த மானுக்கு அது டிசம்பர், ஜனவரி. அதாவது ஒரே பருவத்தின் முதல் வாரத்தில் மூன்று முகடோடு வரும் ஒன்றரை வயது மான், கடைசி வாரத்தில் இரண்டு முகடோடு வரும். பலகையை மட்டும் நம்புகிறவர் அதை இரண்டரை என்றே எழுதிவைப்பார். டிசம்பரில் எங்கள் பதிவேட்டில் அப்படி இரண்டு பிழைகள் ஏறி, பிறகு திருத்தப்பட்டன. திருத்த உதவியது பல்லின் நிறம். புதிதாக எழுந்த நிலைப்பல் கறை படியாமல் பாலாடை வெள்ளையாக இருக்கும், தேய்ந்திருக்காது, பக்கத்துப் பல்லின் உயரத்தைக்கூட எட்டியிருக்காது. அதன் பின்னே ஓராண்டுக்கும் மேலாக மென்ற முதல் கடைவாய்ப் பல்லோ பழுப்பேறி நிற்கும். ஆறாவது பல்லின் கடைசி முகட்டையும் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் அது ஈறைவிட்டு முழுதாக வெளிவந்திராது. இந்த இடைநிலையைக் காட்டும் ஏழாவது தாடை ஒன்றைச் சேர்த்திருந்தால், ஐந்தரைத் தாடையை எடுத்துவிட்டிருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன்.

மூன்றாவது குறையும் நிறத்தைப் பற்றியதே. ஆறு தாடைகளுக்கும் ஒரே தந்த நிறம் பூசி, ஒரே பழுப்புச் சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டிருக்கிறார்கள். பலகை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுப் பல்லும் பழைய பல்லும் ஒரே நிறத்தில் இருந்தால், மேலே சொன்ன வேறுபாட்டை எதைக் காட்டிக் கற்பிப்பது?

உடன்வரும் அட்டையை இங்கே பாராட்ட வேண்டும், ஏனென்றால் பல்லைப் பார்க்கும் வாய்ப்பு மான் விழுந்த பிறகே வருகிறது. சுடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும்போது கையில் இருப்பது கண் மட்டும்தான். குட்டியின் உடல் பக்கவாட்டில் ஏறக்குறைய சதுரமாகவும், வளர்ந்த பெண்மானின் உடல் நீள்சதுரமாகவும் தெரியும் என்பதை நிழலுருவங்களாக வரைந்திருக்கிறார்கள். குட்டியின் முகம் குட்டை, அதனால் காது அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றும். பெண்மானின் மூக்கும் கழுத்தும் நீண்டவை. ஒன்றரை வயது ஆணுக்கு ஒட்டிய வயிறு, மெல்லிய கழுத்து, உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள்; பெண்மானின் தலையில் கொம்பை ஒட்டவைத்தது போலிருக்கும். இவற்றில் எதுவுமே தனியாக நிற்கும் மானிடம் எளிதில் புலப்படாது என்றும், பக்கத்தில் இன்னொரு மான் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் அட்டையின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் நடந்ததை நினைத்தால், அந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் தகும். உடற்புள்ளிகளைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லியிருக்கலாம். மூன்று, நான்கு மாதங்களில் புள்ளிகள் மறைந்துவிடும் என்பதால் நவம்பர்க் குட்டிக்கு அவை பொதுவாக இரா. ஆனால் நல்ல தீனியுள்ள இடங்களில் பெண்குட்டிகளே தம் முதல் குளிர்காலத்தில் சினைப்பட்டுவிடுவதுண்டு. அவை தாமதமாக ஈனும் குட்டி அக்டோபரிலும் புள்ளியோடு திரியும். அதைக் கண்டு நோய்ப்பட்ட மான் என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றரையும் அதற்கு மேலும் உள்ள தாடைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அங்கே பல் முளைப்பதை விட்டுவிட்டு, தேய்வதைப் பார்க்கத் தொடங்குகிறோம். முதல் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்க முகட்டில் வெள்ளை எனாமலைவிட அதனுள்ளே இருக்கும் பழுப்பு அடுக்கான டென்டின் அகலமாகிவிட்டால் மூன்றரை, இரண்டாம் கடைவாய்ப் பல்லிலும் அப்படியென்றால் நான்கரை என்று கணக்கு போகிறது. மணற்பாங்கான நிலத்தில் மேயும் மானுக்குப் பல் விரைவாகத் தேயும் என்பதை யோசித்தாலே இந்தக் கணக்கின் பலவீனம் விளங்கும்; பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த மான்களின் தாடைகளைக் கொண்டு சோதித்தபோதும் வயது கூடக் கூடத் தேய்மானக் கணிப்பு அதிகம் தவறியிருக்கிறது. முதிர்ந்த மானின் வயது தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள், முன்பல்லை வேரோடு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, வேரின் குறுக்குவெட்டில் ஆண்டுக்கு ஒன்றாகப் படியும் அடுக்குகளை எண்ணச் சொல்வதே மேல். நாங்கள் பலகையைப் பார்த்து மூன்றரை என்று எழுதிய ஒரு பெண்மானின் பல்லை அப்படி அனுப்பினோம். ஐந்து என்று பதில் வந்தது. கையேடு இதை ஒப்புக்கொண்டு, இரண்டரைக்கு மேல் எல்லாவற்றையும் 'முதிர்ந்தது' என்று ஒரே பெயரில் எழுதிவைத்தாலும் போதும் என்று சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

செய்நேர்த்தியில் பெரிய குறையில்லை. தாடைகள் திருகாணியில் நிற்பதால் தனித்தனியே கழற்றி, மானின் வாயருகே கொண்டுபோய் ஒப்பிடலாம். ஒட்டிவிட்ட பலகைகளில் இந்த வசதி கிடையாது. இரத்தம் பட்டால் சோப்பு நீரில் கழுவிவிடலாம். ஒரு முறை சிமென்ட் தரையில் விழுந்தும் உடையவில்லை. கையேட்டின் தாள்தான் ஈரத்தில் ஊறி இரண்டாம் மாதமே பிரிந்துவிட்டது, அதற்காக யாரும் அழவில்லை.

நாலைந்து பேருக்கு மேல் உள்ள குழுவுக்கு, அதிலும் ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிற குழுவுக்கு, இதை வாங்கச் சொல்வேன். தனியாக வேட்டைக்குப் போகிறவர் சென்ற ஆண்டின் தாடைகளில் நல்லதாக இரண்டைச் சுத்தம் செய்து, வயதெழுதி வைத்துக்கொண்டாலே காரியம் நடந்துவிடும். நாங்கள் பருவம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை வயதுத் தாடையைக் கழற்றி, உண்மையான பால் பல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெல்லிய அரத்தால் மூன்றாம் பல்லின் வெளிப்பக்கத்தில் இரண்டு பள்ளங்களை ஆழப்படுத்தினோம். டிசம்பர்த் தாடை ஒன்றையும் வேகவைத்துச் சுத்தம் செய்து, ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே கம்பியால் கட்டியிருக்கிறோம். இப்போது நகம் இரண்டு இடத்தில் தட்டுகிறது.